ஐந்தரை அடிப் படகும் மூன்றே முக்கால் அடித் தண்ணீரும்

நான் வேலை செய்து ஓய்வுபெற்ற அரச அலுவலகத்திலிருந்து, கந்தோர் நலன்புரிச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டு எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. "இரண்டு வல்லரசுகளையும் ஒரே மேசையில் இருத்திய பெருமை எமது கந்தோருக்கு உண்டு. அன்று மொழிபெயர்ப்பாளராக இருந்த நீங்கள் உங்கள் இனிய நினைவுகளைப் பகிர வேண்டுகிறோம்" என்று எழுதியிருக்கிறார்கள். இனிய நினைவுகளாம். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தரம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் எறிந்தேன்.

என் கதிரையில் இப்போது இருக்கும் சுகந்திக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"என்ன பிள்ளை உது?"

"அக்கா, அந்த ரெண்டு நாடும் இப்ப ராசியாப் போச்சு. பேப்பரிலை பாக்கேல்லையே? வாற மாதம் ரெண்டு தூதுவர்மாரும் ஒண்டா வருகினம். தீவிலை இருக்கிற இறங்குதுறையை இன்னும் நீட்டப் போகினம். நட்புறவு இறங்குதுறை எண்டு பேரும் வைச்சாச்சு. மலரை அண்டைக்குத்தான் வெளியிடுறம். உங்கடை கட்டுரையை இங்கிலீசிலையும் போட்டு அவைக்குக் குடுக்கவேணுமாம்."

"எந்தப் பக்கம் நீட்டினம்?"

"இருக்கிற பக்கம்தான். வேறை எந்தப் பக்கம்?"

"ஆராவது தண்ணியை அளந்தவையே?"

"அது எனக்குத் தெரியாதக்கா. கல்லிலை பொறிக்கிற வசனம் மட்டும்தான் என்னட்டை வந்தது."

அதனால்தான் எழுதச் சம்மதித்தேன். பெருமைக்காக அல்ல. இதில் ஒரு வரியும் வெட்டக்கூடாது என்று செயலாளருக்குச் சொல்லியிருக்கிறேன். வெட்டினால் இதை நானே பத்திரிகைக்குக் கொடுப்பேன்.

நான் குருநகர்க்காரி. அம்மா சந்தையில் மீன் விற்றவ. கன்னியாஸ்திரிகள் எனக்கு ஆங்கிலம் படிப்பித்தார்கள். பரீட்சை எழுதினேன், அரச வேலை கிடைத்தது. யுத்த காலம் முழுக்க நிவாரணம் கொண்டுவந்த வெள்ளைக்காரருக்குப் பின்னால் முகாம் முகாமாக நடந்தேன். அந்த வருடங்களைப் பற்றி எழுத இந்த மலரில் இடம் காணாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குச் சொல்லித் தந்ததை மட்டும் சொல்கிறேன். பேசுபவரின் தோளுக்கு ஒரு முழம் பின்னால் இரு. அவர் "நான்" என்றால் நீயும் "நான்" என்று சொல். அவர்கள் சாப்பிடும்போது நீ சாப்பிடாதே, உன் வாய் அவர்களுக்குத் தேவைப்படும். எல்லாவற்றிலும் பெரிய விதி, ஓர் அறையில் கேட்டதை அடுத்த அறைக்குக் கொண்டுபோகாதே. இந்தக் கடைசி விதியை முப்பது வருடத்தில் ஒருநாளும் நான் மீறவில்லை. அதைச் சொல்லி எனக்குப் பிரியாவிடையில் பாராட்டும் செய்தார்கள். கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்கு உடம்பு கூசியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

யுத்தம் முடிந்த பிறகு அந்த இரண்டு பெரிய நாடுகளும் எங்கள் குடாநாட்டுக்கு வரத் தொடங்கின. பெயர் எழுதவில்லை. கந்தோரில் நாங்கள் அவர்களை "மூத்த மருமகன்", "இளைய மருமகன்" என்று சொல்வோம். ஒரு வீட்டில் பெண் எடுத்த இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்றால், மாமன் வீடு நல்லநாள் பெருநாளில் என்ன பாடுபடுமோ அந்தப் பாடுதான் நாங்கள் பட்டோம். மூத்தவர் தையல் மெஷின் கொடுத்தால் இரண்டு கிழமைக்குள் இளையவர் வலை கொடுப்பார். இளையவர் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனால் மூத்தவர் அடுத்த பள்ளிக்கூடத்துக்குப் போவார். மெஷின் கேட்டவர்களுக்கு வலையும் வலை கேட்டவர்களுக்கு மெஷினும் போய்ச் சேர்ந்த கதைகள் நிறைய உண்டு.

இதையெல்லாம் சமாளித்தவர் எங்கள் மேலதிகாரி. நாங்கள் "ஐயா" என்று மட்டும் சொல்வோம். தென்மராட்சிக்காரர், மெலிந்த மனுஷன், ஒருநாளும் குரலை உயர்த்தமாட்டார். கோபம் வந்தால் கையிலிருக்கும் பென்சிலை மேசையில் மெதுவாகப் படுக்க வைப்பார். அந்தப் பென்சில் படுத்தால் நாங்கள் கோப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவோம். கூட்டத்துக்கு முதல்நாள் தையற்காரரின் அளவுநாடாவோடு வந்து இரண்டு நாட்டுக் கொடிகளையும் அளப்பார். மாலைகளைத் தராசில் போடச் சொல்வார். தேத்தண்ணியை இரண்டு பியோன்மார் இரண்டு பக்கத்தால் கொண்டுவந்து ஒரே நேரத்தில் வைக்கவேண்டும். அதற்கு ஒத்திகைகூட நடந்தது. ஒருமுறை குத்துவிளக்கு ஏற்றுவதில் பிரச்சினை. இரண்டு பேர் கையிலும் மெழுகுதிரியைக் கொடுத்து, ஒரே நேரத்தில் ஏற்றுங்கள் என்றார். மூத்தவரின் திரி பற்றிவிட்டது, இளையவரின் திரி ஈரம், பற்றவில்லை. அடுத்தநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. திரி ஏன் பற்றவில்லை என்பதற்கு நான் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதினேன். அரச சம்பளத்தில்.

அப்போது சிரித்தோம். ஐயாவைக் கெட்டிக்காரன் என்றோம். அவர் கெட்டிக்காரன்தான். தன் சொந்தத்தில் இருபது கல்யாணமாவது பேசி முடித்தவர் என்று பெயர். கந்தோர் வேலையையும் அதே மாதிரித்தான் பார்த்தார்.

இனித் தீவுக்கு வருகிறேன். கரையிலிருந்து இயந்திர வள்ளத்தில் ஒரு மணித்தியாலம். முழுக்க மீன்பிடிக் குடும்பங்கள். வைத்தியர் இல்லை. கர்ப்பிணிகளை மாரி தொடங்க முன்னம் கரைக்குக் கொண்டுவந்து சொந்தக்காரர் வீடுகளில் விடுவார்கள். சொந்தக்காரர் இல்லாதவர்கள் கடலை நம்பவேண்டும். அங்கே பெண்கள் சங்கத் தலைவி ரீற்றா அக்கா. மனு எழுதி எழுதிக் கந்தோர் வாசலைத் தேய்த்தவ. அவவின் மகள் டிலானி முதல் பிள்ளையை நடுக்கடலில் வள்ளத்துக்குள் பறிகொடுத்தவள். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான், நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுவர ஒரு மூடிய படகு.

மூத்த மருமகன் படகு தருகிறேன் என்றார். பதினைந்தாம் நாள் இளைய மருமகன் அந்தத் தீவுக்கு இறங்குதுறை கட்டித் தருகிறேன் என்றார். எங்களுக்குப் பெரிய சந்தோஷம். படகும் வருகிறது, படகு கட்ட இடமும் வருகிறது.

இரண்டு நாடும் தங்கள் வரைபடங்களை அனுப்பின. இரண்டு கடிதத்திலும் ஒரே நிபந்தனை: இதை மற்றத் தரப்புக்குக் காட்டக்கூடாது. படகுக்குள் என்ன கருவி இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரியக்கூடாதாம். இறங்குதுறையை எந்தத் திசை பார்த்துக் கட்டுகிறார்கள் என்று மற்றவருக்குத் தெரியக்கூடாதாம். ஐயா இரண்டு அலுமாரி வைத்தார், இரண்டு பூட்டு, இரண்டு திறப்பு. படகுக் கோப்பு சுகாதாரப் பகுதிக்கு, இறங்குதுறைக் கோப்பு கடற்றொழில் பகுதிக்கு. ஒரு பகுதி மற்றப் பகுதியின் கோப்பைத் தொடக்கூடாது. எல்லாம் சரியாகச் செய்தார். ஆனால் கந்தோரில் அலுமாரி இரண்டு இருந்தாலும் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்க நான் ஒருத்திதான். இரண்டு கோப்பும் என் மேசைக்குத்தான் வந்தன.

திங்கட்கிழமை படகுக் கோப்பை மொழிபெயர்த்தேன். ஆட்களோடு போகும்போது படகின் அடி தண்ணீருக்குள் ஐந்தரை அடி தாழும் என்று இருந்தது. வியாழக்கிழமை இறங்குதுறைக் கோப்பை மொழிபெயர்த்தேன். துறையின் நுனியில், தண்ணீர் வத்தியிருக்கும் காலத்தில், மூன்றே முக்கால் அடி ஆழம் என்று இருந்தது. நான் கணக்கில் வலுமோசம். ஆனால் இதற்குக் கணக்குத் தேவையில்லை. நான் மீன்காரியின் மகள்.

ஐயாவின் அறைக்குப் போனேன்.

"ஐயா, உந்தப் படகு அந்தத் துறைக்குக் கிட்டவும் வராது."

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "எப்பிடித் தெரியும்?"

"ரெண்டு கோப்பையும் நான்தானே மொழிபெயர்க்கிறன்."

பென்சில் மேசையில் படுத்தது. "பிள்ளை, நீங்கள் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை. நான் ஒண்டும் கேக்கேல்லை. உது வெளியிலை போனால் ரெண்டு பேரும் தங்கடை சாமானைத் தூக்கிக்கொண்டு போயிடுவினம். பேந்து படகும் இல்லை, துறையும் இல்லை."

"அப்ப என்ன செய்யிறது?"

"அவையளே ஒருத்தருக்கு ஒருத்தர் குடுக்கவேணும். ரெண்டு தாள்தானே. நான் பேசி இருத்துறன்."

இதற்குத்தான் உங்கள் கடிதத்தில் "ஒரே மேசையில் இருத்திய பெருமை" என்று பெயர். இரண்டு தாளை மாற்றிக்கொள்ள.

ஐயா எப்படிப் பேசினார் என்று நான் சொல்கிறேன், அந்த இரண்டு தொலைபேசி அழைப்புக்கும் நான்தான் பக்கத்தில் இருந்தேன். மூத்தவரின் ஆளுக்கு எடுத்து, "அவர்கள் தாளைத் தரச் சம்மதித்துவிட்டார்கள், உங்களைத்தான் பார்த்திருக்கிறார்கள்" என்றார். பிறகு இளையவரின் ஆளுக்கு எடுத்து அதையே திருப்பிச் சொன்னார். இரண்டும் பொய். நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

"என்ன பாக்கிறியள் பிள்ளை? பொம்பிளை வீட்டுக்கு மாப்பிளை வீடு ஓம் எண்டிட்டினம் எண்டு சொல்லுறது. மாப்பிளை வீட்டுக்கும் அப்பிடியே சொல்லுறது. ஒரு சபையிலை கொண்டுவந்து இருத்திப்போட்டால் பேந்து ஆர் முகத்தை முறிப்பினம்?"

எங்கள் ஆட்கள் மட்டும்தான் விடக்கூடிய பிழை இது. கல்யாணத்தில் இரண்டு பகுதிக்கும் உள்ளுக்குள் விருப்பம் இருக்கும், வெட்கம்தான் தடை. அந்த வெட்கத்தைத் தரகரின் பொய் மூடிவிடும். இவர்களுக்கு வெட்கமும் இல்லை, விருப்பமும் இல்லை.

கூட்டம் நடந்தது. மூத்தவரின் ஆள் உயரமான மனுஷன், கைலேஞ்சியால் அடிக்கடி கை துடைப்பார். இளையவரின் ஆள் ஒரு பெண், கொப்பி ஒன்றை மூடி அதன் மேல் கையை வைத்தபடி இருந்தா. வாசலில் கைகுலுக்கினார்கள். அப்போது எடுத்த படம்தான் இன்றைக்கும் உங்கள் மண்டபத்தில் தொங்குகிறது. ஓரத்தில் தெரியும் நீலச் சேலைத் தோள் என்னுடையது.

தேத்தண்ணி இரண்டு பக்கத்தாலும் ஒரே நேரத்தில் வந்தது. பிறகு அந்த உயரமான மனுஷன், "உங்கள் தாளைக் காண ஆவலாக இருக்கிறோம்" என்றார்.

"உங்கள் தாளைப் பெறத்தான் நாங்கள் வந்தோம்" என்றா அந்தப் பெண்.

"நீங்கள் சம்மதித்ததாக எங்களுக்குச் சொல்லப்பட்டது."

"நீங்கள் சம்மதித்ததாக எங்களுக்கும் சொல்லப்பட்டது. நாங்கள் யாருக்கும் எதற்கும் சம்மதிக்கவில்லை. தலைநகரில் கேட்டுவிட்டுத்தான் வந்தோம்."

இரண்டு பேரும் ஐயாவைப் பார்த்தார்கள். ஐயா பென்சிலைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "பிள்ளை, இன்னொருக்காத் தேத்தண்ணி வரச் சொல்லுங்கோ" என்றார்.

நான் ஒரு முழம் பின்னால் இருந்தேன். ஐந்தரை, மூன்றே முக்கால். இரண்டு எண்ணும் என் நாக்கில் இருந்தன. சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? தும்மும் நேரம். நான் சொல்லவில்லை. ஓர் அறையில் கேட்டதை அடுத்த அறைக்குக் கொண்டுபோகாதே.

அதன் பிறகு ஒன்றரை மணித்தியாலம் ஒரு வசனத்தைப் பற்றிப் பேசினார்கள். "இரு தரப்பும் சிநேகபூர்வமான சூழலில் கலந்துரையாடின" என்று பத்திரிகைக்குக் கொடுக்க. அதில் எந்த நாட்டின் பெயர் முதலில் வருவது? ஐயாவுக்கு உயிர் வந்தது. இரண்டு பிரதி அடிப்போம், அவரவர் பிரதியில் அவரவர் பெயர் முதலில் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தண்ணீரின் ஆழத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வெளியே நீள மர வாங்கில் ரீற்றா அக்கா இருந்தா. மடியில் இரண்டு கருவாட்டுப் பொதி, தூதரக ஆட்களுக்கு.

"ரெண்டும் ஒரே அளவு மிஸ், நிறுத்துத்தான் கட்டினனான். உங்கடை ஐயாட்டைப் பழகினது" என்று சிரித்தா. பிறகு, "என்ன சொன்னவை? மாரிக்கு முந்திப் படகு வருமாமோ? டிலானிக்கு இப்ப ஆறு மாதம்" என்றா.

"வரும் அக்கா. நல்லாக் கதைச்சவை" என்றேன்.

அந்தப் பதிலை நான் எந்த மொழியிலிருந்தும் மொழிபெயர்க்கவில்லை. அது என் சொந்தப் பொய்.

ஒருவரை ஒருவர் முந்தும் போட்டியில் இரண்டு மாதத்துக்குள் இறங்குதுறை கட்டி முடிந்தது. தீவின் வடக்குப் பக்கத்தில், சீமெந்துக் கலவை இயந்திரம் போக லேசான இடத்தில். படத்துக்கும் வடிவு. படகும் வந்தது, மேளதாளத்தோடு. கரையிலிருந்து வெள்ளோட்டம் விட்டார்கள். துறைக்கு இன்னும் நூறு யார் தூரம் இருக்கும்போது அடி தட்டியது. அடியில் சுழலும் விசிறி வளைந்து, வள்ளத்தில் கட்டி இழுத்துக்கொண்டுதான் திரும்பினார்கள். திருத்துவது யார் என்று கேள்வி வந்தது. படகைக் கொடுத்தவர், துறை பிழை என்றார். துறையைக் கட்டியவர், படகு பிழை என்றார். படகைக் கரையில் மரக்கட்டையில் ஏற்றி, தார்ப்பாய்ப் படங்கால் மூடினார்கள். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. துறையில் தீவுச் சனம் கருவாடு காயவைக்கிறது.

கார்த்திகையில் டிலானிக்கு நாள் முந்திப் பிள்ளைப்பேற்றுக் குத்து வந்தது. பட்டப்பகல், ஆனால் கடல் கொந்தளிப்பு. திறந்த வள்ளத்தில் பலகை போட்டுக் கொண்டுவந்தார்கள். கரைக்கு வந்தபோது நாலு பேர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தோளில் சுமந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக முன்னமே பிள்ளை இல்லை. டிலானி தப்பினாள். சுமந்து வந்தவர்கள் அந்தப் படங்கு மூடிய படகைச் சுற்றிக்கொண்டுதான் றோட்டுக்கு ஏறவேண்டியிருந்தது.

ஒரு மாதம் கழித்து ரீற்றா அக்கா கந்தோருக்கு வந்தா. மனு இல்லை, பொதி இல்லை. என் மேசைக்கு முன்னால் நின்றா.

"மிஸ், ஒண்டு கேக்கிறன். படகு அந்தப் பக்கம் வராது எண்டு உங்களுக்கு முந்தியே தெரியுமே?"

பொய் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு முடியவில்லை. "ஓம் அக்கா."

"எவ்வளவு தாழும் உந்தப் படகு?"

"ஐந்தரை அடி."

அவ என் மேசையில் கையை ஊன்றினா. பிறகு சத்தம் போடாமல் சொன்னா: "உங்களுக்கு விசரே? அந்தத் தீவைச் சுத்தித் தண்ணி எங்கை எவ்வளவு எண்டு எங்கடை சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும். தெற்குப் பக்கம், கல்லுக்கு அங்காலை, எந்த வத்துக்கும் ஒண்டரைப் பாகம் நிக்கும். ஒன்பது அடி. படகு ஐந்தரை எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், வடக்கிலை கல்லுப் போட விட்டிருப்பமே? மெஷினுக்கு முன்னாலை படுத்திருப்பம். அந்தப் பெரிய ஆக்கள் ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்கவே தேவையில்லை. நீங்கள் எங்களோடை கதைச்சிருந்தால் காணும்."

போய்விட்டா. அதற்குப் பிறகு எனக்கு முன்னால் வரவில்லை. கோயிலில் கண்டாலும் மறுபக்கம் பார்ப்பா. சரிதான்.

நான் அன்றுவரை நினைத்தது, இரண்டு வல்லரசும் ராசியானால்தான் அந்தத் தீவுக்குப் படகு வரும் என்று. ஐயாவும் அதைத்தான் நினைத்தார். நாடு முழுக்க அதைத்தான் நினைக்கிறது. கொடியை அளந்தோம், மாலையை நிறுத்தோம். தண்ணீரை அளந்து வைத்திருந்தவர்களை வெளியே வாங்கில் இருத்தினோம். அவர்களுக்குத் தேவைப்பட்டது ஓர் எண். அது இரகசியம் என்று முத்திரை குத்தி அலுமாரியில் பூட்டினோம். பூட்டின திறப்பு ஐயாவின் இடுப்பில், எண் என் தலையில். ஐயா இப்போது உயிரோடு இல்லை. இருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். அவரைவிட எனக்குக் குற்றம் கூட. அவருக்கு நான் சொன்னதுதான் தெரியும், எனக்கு இரண்டு கோப்பும் தெரியும், டிலானிக்கு எத்தனை மாதம் என்பதும் தெரியும்.

இப்போது அவர்கள் ராசியாகிவிட்டார்கள். எதற்கு ராசியானார்கள் என்று எனக்குத் தெரியாது, எங்களுக்காக இல்லை என்பது மட்டும் தெரியும். வாற மாதம் ஒன்றாக வந்து, ஒரே கத்தரிக்கோலால் நாடா வெட்டி, அதே வடக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் சீமெந்து கொட்டப் போகிறார்கள். முன்னர் பகையில் செய்த பிழையை இனி நட்பில் செய்யப் போகிறார்கள். வடக்கில் எவ்வளவு நீட்டினாலும் அடியில் பாறைத் திட்டுத்தான், ஆழம் வராது. இதை நான் சொல்லவில்லை. தீவுச் சனத்தைக் கேளுங்கள், சொல்வார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

சுகந்தி, இந்தக் கட்டுரையை ஆங்கிலத்தில் போட்டு அவர்கள் கையில் கொடுக்கவேண்டும் என்றீர்கள். நல்லது, போடுங்கள். மெருகு வேண்டாம். நான் முப்பது வருடம் போட்ட மெருகு காணும். செயலாளர், மண்டபத்தில் உள்ள அந்தப் படத்தைக் கழற்றுங்கள். அந்த இடத்தில் எதையாவது மாட்டத்தான் வேண்டும் என்றால் கீழே உள்ளதைப் பெரிய எழுத்தில் எழுதி மாட்டுங்கள். விருந்தினர் இருவரும் ஒரே நேரத்தில் வாசிக்கலாம், யார் முதலில் என்ற பிரச்சினை வராது.

படகு தாழ்வது ஐந்தரை அடி. வடக்குத் துறையில் தண்ணீர் மூன்றே முக்கால் அடி. தெற்கில், கல்லுக்கு அப்பால், ஒன்பது அடி. இடம் காட்ட ரீற்றா அக்கா இருக்கிறா. டிலானிக்கு இப்போது மூன்றாம் தரம், ஐந்து மாதம்.